என் தாய் அவருடைய மனைவிதான்: ஓய்வூதிய அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

என் தந்தையின் மறைவுக்குப் பிறகு என் தாயாருக்குச் சேர வேண்டிய குடும்ப ஓய்வூதியத்தை மறுத்து நீங்கள் அனுப்பிய கடிதம் வந்து சேர்ந்தது. இறந்துபோன முன்னாள் படைவீரரின் மனைவி தாம்தான் என்பதற்குப் போதிய ஆதாரத்தை மனுதாரர் தரவில்லை என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். 1975-இல் நடந்த திருமணத்துக்குப் பதிவுச் சான்றும், பெயர் வேறுபாட்டுக்குத் திருத்த ஆவணங்களும் தராத காரணத்தால் கோப்பு முடித்துவைக்கப்படுவதாகவும் தெரிவித்திருக்கிறீர்கள். கடிதம் ஆங்கிலத்தில் இருந்ததால் அம்மாவுக்கு அதைப் படித்துப் பொருள் சொல்ல வேண்டிய வேலை எனக்கு வாய்த்தது. முழுவதும் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் நான் யார் என்று எழுதியிருக்கிறார்கள்?" என்று அம்மா கேட்டார். உங்கள் கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை. அந்தப் பதிலை உங்களிடமிருந்து வாங்கத்தான் இதை எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டது ஆதாரம். நாற்பத்தொன்பது ஆண்டுக் குடும்ப வாழ்க்கைக்கு ஆதாரம் காட்ட வேண்டுமென்றால், அந்த மனிதர் எப்படி வாழ்ந்தார் என்பதைத்தான் சொல்ல வேண்டும். அவருடைய படைப்பிரிவும் எண்ணும் உங்கள் கோப்பிலேயே இருப்பதால் இங்கே அவற்றை எழுதவில்லை. கோப்பில் இல்லாதவற்றை எழுதுகிறேன். கோப்பில் இருந்தும் நீங்கள் புரட்டிப் பார்க்காதவற்றையும் எழுதுகிறேன்.

அப்பா 1947-இல் குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் பிறந்தவர். தாத்தா, பாட்டி இருவரும் தோட்டத் தொழிலாளர்கள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது; கவாத்து வெட்டவும் மருந்தடிக்கவும் போனார். 1966-இல் குன்னூரை அடுத்த வெலிங்டனில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், தோட்டத்துக் கங்காணியிடம் கூடச் சொல்லாமல் மலைப்பாதையில் நடந்தே போய் வரிசையில் நின்றார். தோட்டத் தொழிலாளியின் மகன் தோட்டத்துக்கு வெளியே காலடி வைக்க அன்றைக்கு எங்கள் மலையில் இருந்த வழிகள் மிகக் குறைவு. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஓர் இடம், இல்லாவிட்டால் பட்டாளம். அப்பாவுக்குப் பட்டாளம் கிடைத்தது. முதல் சம்பளத்தில் பாட்டிக்கு ஒரு கம்பளி வாங்கி அனுப்பினார். அந்தக் கம்பளி எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது.

1971 டிசம்பர் போரில் அவர் கிழக்கு முனையில் இருந்தார். அதற்காகக் கொடுக்கப்பட்ட பூர்வி ஸ்டார் பதக்கம் அவருடைய டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. போரைப் பற்றிப் பெருமையாக அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை. ஆறுகளைப் பற்றிப் பேசுவார். மலையில் பிறந்து ஓடையைத் தவிர வேறு நீரைப் பார்த்திராதவர், கரை தெரியாத ஆறுகளைத் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி கடந்திருக்கிறார். டாக்காவில் டிசம்பர் 16 அன்று எதிர்ப்படை சரணடைந்த செய்தி வந்தபோது அவர் இருந்த இடத்தில் எல்லோரும் முதலில் செய்தது தூங்கியதுதான் என்று சொல்வார். பக்கத்தில் விழுந்து வெடித்த ஒரு குண்டு அவருடைய இடது காதின் கேட்கும் திறனை ஏறக்குறைய முழுவதுமாக எடுத்துக்கொண்டது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அதை அவர் பெரிதாக யாரிடமும் சொல்லவில்லை. ஊனத்துக்கான ஓய்வூதியமும் கேட்கவில்லை.

இந்தக் காதைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கல்யாணமான சில நாட்களிலேயே அம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டார். அன்றிலிருந்து அப்பாவின் வலப்புறம்தான் உட்காருவார், வலப்புறம்தான் நடப்பார், சாப்பாடு பரிமாறுவதும் வலப்புறமிருந்துதான். குன்னூர் பஸ்ஸில் ஏறினால் அப்பாவை ஜன்னலோரம் விடுவதா, தான் ஜன்னலோரம் உட்காருவதா என்பதை இருக்கை எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் அம்மா முடிவு செய்வார். பிள்ளைகளான எங்களுக்கும் அதுவே பழக்கமாகிவிட்டது. அப்பாவின் இடப்பக்கம் நின்று யாரும் பேசமாட்டோம். அவர் ஓய்வு பெற்றபோது எடுத்த கணவன் மனைவி புகைப்படம் உங்கள் கோப்பில் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள். அம்மா எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பாருங்கள்.

1975-இல் அறுபது நாள் ஆண்டு விடுப்பில் வந்தபோது கல்யாணம் நடந்தது. பெண் கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டத்தைச் சேர்ந்தவர், வயது பத்தொன்பது. குன்னூரில் கோயிலில் தாலி கட்டினார்கள். இரண்டு தோட்டத்து ஆட்களும் வந்து சாப்பிட்டார்கள். பதிவு அலுவலகத்துக்கு யாரும் போகவில்லை. 1975-இல் எந்தத் தோட்டத்துக் கல்யாணம் பதிவு அலுவலகத்துக்குப் போயிற்று? அன்றைக்குத் தமிழ்நாட்டில் அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய தமிழ்நாட்டுச் சட்டம் வந்ததே 2009-இல்தான். சட்டம் வருவதற்கு முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் நடந்த கல்யாணத்துக்கு அந்தச் சட்டத்தின் சான்றைக் கேட்கிறீர்கள்.

பெயரில் ஏற்பட்ட குழப்பத்தையும் விளக்கிவிடுகிறேன். தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். கல்யாணத்துக்குப் பிறகு பல பெண்கள் கணவர் பெயரின் முதலெழுத்துக்கு மாறிக்கொள்கிறார்கள். விடுப்பு முடிந்து அப்பா முகாமுக்குத் திரும்பி மனைவியின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றக் கொடுத்தபோது, அவர் சொன்னபடி அம்மாவின் தந்தையுடைய இனிஷியலோடு எழுதிக்கொண்டார்கள். பெயரில் ஒரு ழகரம் உண்டு. தமிழ் தெரியாத எழுத்தர் அதைக் காதில் விழுந்தபடி லகரமாக ஆங்கிலத்தில் எழுதிவிட்டார். பிற்காலத்தில் குடும்ப அட்டையும் ஆதாரும் வந்தபோது அம்மாவுக்குக் கணவருடைய இனிஷியல் வந்தது. ழகரமும் இப்போதைய வழக்கப்படி எழுதப்பட்டது. வேறுபாடு இவ்வளவுதான். ஓர் இனிஷியல், ஓர் எழுத்து. இதற்காகத்தான் என் தாயை யாரென்று தெரியாதவராக ஆக்கியிருக்கிறீர்கள்.

அந்தப் பிழையான எழுத்தோடு உங்கள் தரப்பே அம்மாவுக்குப் பல ஆண்டுகள் பணம் அனுப்பியிருக்கிறது என்பதை அறிவீர்களா? படைவீரரின் சம்பளத்தில் ஒரு பகுதியைக் குடும்ப ஒதுக்கீடு என்று பிரித்து, மாதா மாதம் மனைவி பெயருக்கு மணியார்டராக அனுப்பும் ஏற்பாடு அன்றைக்கு இருந்தது. லைன் வீட்டு வாசலில் தபால்காரர் குரல் கொடுத்ததும், ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் அம்மா கையெழுத்துப் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி எழுதுவார், தபால்காரர் பொறுமையாக நிற்பார். மணியார்டரோடு வரும் துண்டுச்சீட்டுகளை அம்மா தூக்கிப் போடவில்லை. மாதவாரியாக அடுக்கி, நூலால் கட்டி, டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறார். அவற்றின் நகல்களை மனுவோடு இணைத்திருந்தோம். சம்பளத்தைப் பெற்றுக்கொள்ள அவர் மனைவி. ஓய்வூதியம் கேட்டால் மனைவி இல்லை என்று எப்படிச் சொல்ல முடிகிறது உங்களால்?

1977-இல் நான் பிறந்தேன், 1980-இல் தம்பி. இரண்டு பிறப்புகளும் அப்பாவின் பணிப் பதிவேட்டில் ஏறின. தாயின் பெயர் என்ற இடத்தில் அதே லகரப் பெயர்தான் இருக்கிறது. அந்தப் பதிவுகளும் உங்கள் வசம்தான் இருக்கின்றன. நான் அனுப்பினால்தான் உங்களுக்குத் தெரியும் என்ற நிலை இல்லை.

அப்பாவின் வாழ்க்கையில் அவர் வாய் திறக்காத ஒரு காலம் உண்டு. 1987-இல் இந்திய அமைதிப் படையோடு இலங்கைக்கு அனுப்பப்பட்டார். எங்கள் லைனிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பாதிக்கு மேல் இலங்கையிலிருந்து திரும்பிவந்த குடும்பங்கள். 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்களான சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் கப்பலேற்றப்பட்டு, நீலகிரியில் தேயிலைக் காட்டில் குடியமர்த்தப்பட்டவர்கள். அவர்களுடைய அண்ணன் தம்பிகள், அக்காக்கள், சிலருடைய தாயார் கூட இன்னும் அங்கே இருந்தார்கள். அப்பா அங்கே போயிருக்கிறார் என்பது தெரிந்ததும் அந்த வீடுகளில் சிலர் அம்மாவிடம் பேசுவதை நிறுத்தினார்கள். சிலர் முன்னைவிடப் பரிவோடு பேசினார்கள். அம்மா ஏழு வயதுப் பையனையும் பத்து வயதுப் பெண்ணையும் வைத்துக்கொண்டு, வானொலிச் செய்தி முடியும்வரை அடுப்பு மூட்டமாட்டார். கடிதம் வரும், வராது. வந்தால் நான்கு வரி இருக்கும்.

திரும்பி வந்த அப்பா முன்பிருந்த அப்பாவாக இல்லை. பக்கத்து வீட்டில் கண்டியிலிருந்து வந்த ஒரு பாட்டி இருந்தார். அவர் அப்பாவிடம் எதுவும் கேட்டதில்லை. அப்பாவாகவே மாலையில் போய் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். விறகு உடைத்துக் கொடுப்பார். மழைக்கு முன் கூரைத் தகரத்தைச் சரிசெய்வார். அந்தப் பாட்டி இறந்தபோது தோளில் தூக்கிப்போனவர்களில் அப்பாவும் ஒருவர். தூக்கத்தில் அலறி எழும் இரவுகளில் அவருக்கு வலப்புறம் உட்கார்ந்து, பெயர் சொல்லி, இது குன்னூர், நம் வீடு, பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பவர் அம்மா. பலகைத் தடுப்புக்கு இப்பால் படுத்திருந்த எனக்கும் தம்பிக்கும் அது கேட்கும். இதற்கு எந்த அலுவலகத்தில் சான்று வாங்கி வருவது என்று சொல்லுங்கள், வாங்கி வருகிறேன்.

1989-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் ஓய்வூதிய ஆணையையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வங்கிப் புத்தகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டார். அவற்றில் இருந்ததெல்லாம் ஆங்கிலமும் இந்தியும்தான். ஓர் எழுத்து மாறியிருக்கிறது, பின்னால் சிக்கல் வரும் என்று எந்த அதிகாரியும் அவரிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் உயிரோடு இருப்பதற்கான சான்றைத் தவறாமல் கொடுத்தார். அத்தனை நவம்பர்களில் ஒருமுறையாவது மனைவியின் பெயரைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு வரி வந்திருந்தால், அடுத்த பஸ்ஸில் ஏறிப் போயிருப்பார். காகித வேலையில் அவரைப் போல் ஒழுங்கானவரை நான் பார்த்ததில்லை.

ஓய்வுக்குப் பிறகு ஒரு தேயிலை ஃபேக்டரியில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். பகலில் அம்மாவோடு நாற்பது சென்ட் தேயிலையைப் பார்த்துக்கொண்டார். 1998-க்குப் பிறகு பச்சைத் தேயிலை விலை சரிந்து சிறு விவசாயிகள் நிலைகுலைந்தபோது, எங்கள் அடுப்பு எரிந்தது அந்த ஓய்வூதியத்தால்தான். எங்கள் ஊரில் எத்தனையோ பேர் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிப் போனார்கள். பிறகு தம்பியும் போனான். என்னை மட்டும் ஆசிரியர் பயிற்சி முடிக்கும்வரை அப்பா விடவில்லை. இரவுக் காவல் முடிந்து விடியற்காலையில் வருபவர், தூங்கப் போகும் முன் கரிப் பெட்டியில் கங்கு போட்டு என் பள்ளிச் சீருடையைத் தேய்த்து வைப்பார். பாவாடை மடிப்பு ஒவ்வொன்றும் அணிவகுப்பில் நிற்பவர்களைப் போல் ஒரே அளவில் இருக்கும். சட்டைப் பொத்தான் அறுந்தால் அம்மாவிடம் கொடுக்கவிடமாட்டார். பட்டாளத்தில் கற்றபடி நான்கு சுற்று சுற்றி, நூலை மெழுகில் இழுத்து, அவரே தைப்பார். ஃபேக்டரி சம்பளம் வந்த அன்று இரண்டு கவர்களில் போடுவார். ஒன்று எங்கள் படிப்புக்கு. இன்னொன்றை அம்மா கையில் கொடுத்துவிட்டு, அதற்குக் கணக்குக் கேட்கமாட்டார்.

2009 நவம்பர் மழையை நீலகிரிக்காரர்கள் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. மாவட்டம் முழுவதும் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த இரவில் எங்கள் லைனுக்கு மேல் இருந்த மேட்டில் நீர் கசிவதை அப்பா டார்ச் அடித்துப் பார்த்தார். அறுபத்திரண்டு வயதில், பழைய விசிலை ஊதிக்கொண்டு வீடு வீடாகத் தட்டி எல்லோரையும் எழுப்பினார். அம்மா கைக்குழந்தைகளை வாங்கி வாங்கிப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார். விடிவதற்குள் இரண்டு வீடுகளின் பின்சுவர் மண்ணுக்குள் போய்விட்டது. ஆள் சேதம் இல்லை. அதற்காக யாரும் சால்வை போர்த்தவில்லை; அவரும் எதிர்பார்க்கவில்லை.

2021 டிசம்பர் 8 அன்று காட்டேரி நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்து முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத்தும் உடன் வந்தவர்களும் இறந்தார்கள். மறுநாள் உடல்கள் வெலிங்டனிலிருந்து சூலூருக்குச் சாலை வழியாகக் கொண்டுபோகப்பட்டபோது, மலை மக்கள் சாலையின் இரு பக்கமும் நின்று பூத் தூவினார்கள். அப்பாவும் அம்மாவும் போய் நின்றார்கள். அப்பா பதக்கங்களை அணிந்திருந்தார். வண்டிகள் கடந்து முடியும்வரை எழுபத்து நான்கு வயதில் வணக்கம் வைத்த கையை இறக்கவில்லை. தோள் வலி இரண்டு நாள் இருந்தது, அம்மா எண்ணெய் தேய்த்துவிட்டார். பெரிய அதிகாரிக்கும் சாதாரண வீரனுக்கும் நாடு ஒரே மாதிரி கடன்பட்டிருக்கிறது என்று நம்பியவர் அவர். உங்கள் கடிதம் அந்த நம்பிக்கையை அவருடைய மனைவியிடம் பொய்யாக்கியிருக்கிறது.

2024 ஆகஸ்டில் நெஞ்சு வலி வந்தது. கோவைக்கு இறங்கும் வழியிலேயே போய்விட்டார். சுற்று வட்டார முன்னாள் படைவீரர்கள் தொப்பி அணிந்து வந்து வரிசையாக நின்று வழியனுப்பினார்கள்.

இறப்பை உடனே நாங்களே முறைப்படி தெரிவித்தோம். அந்த மாதமே ஓய்வூதியம் நின்றது. இறந்த தேதிக்குப் பிறகு கணக்கில் ஏறியிருந்த தொகை, ஒரு விளக்கமும் இல்லாமல் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டது. அப்போது யாருக்கும் பெயரில் சந்தேகம் வரவில்லை. தகவல் கொடுத்தவர் மனைவி என்பதை அப்படியே ஏற்றுக்கொண்டுதான் எடுத்தார்கள். கொடுக்க வேண்டிய நேரம் வந்தபோது அந்த மனைவிக்கு ஆதாரம் போதவில்லை. ஓராண்டு கடந்துவிட்டது.

நாங்கள் கொடுத்தவை இவை: வட்டாட்சியர் வழங்கிய வாரிசுச் சான்று; அதில் அம்மா மனைவி என்று இருக்கிறது. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற சான்று. நோட்டரி முன் எடுத்த உறுதிமொழி. என்னுடைய பள்ளிச் சான்றிதழும் தம்பியுடையதும். குடும்ப அட்டை. முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் மனைவி என்ற தகுதியில் அரசு அம்மாவுக்குக் கொடுத்த, அவர் படம் பதித்த அட்டை. மணியார்டர் துண்டுகள். இவற்றில் எது போலி என்று நீங்கள் எழுதவில்லை. எது ஏன் போதாது என்றும் எழுதவில்லை. இரண்டு செய்தித்தாள்களில் விளம்பரம் கொடுங்கள் என்று ஒரு கடிதம். கொடுத்த பிறகு, திருமணப் பதிவுச் சான்று எங்கே என்று அடுத்த கடிதம். வருமானம் நின்றுபோன ஒரு மூதாட்டியிடம் விளம்பரத்துக்குப் பணம் கட்டச் சொல்லிவிட்டு, கட்டியதற்குப் பிறகு வேறொன்றைக் கேட்பது முறையா?

சட்டம் என்ன சொல்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், கோப்பில் அது எழுதப்படவில்லை. பதிவு செய்யாததால் மட்டுமே ஒரு திருமணம் செல்லாததாகிவிடாது என்று இந்துத் திருமணச் சட்டத்தின் 8-ஆம் பிரிவே தெளிவாகச் சொல்கிறது. பத்ரி பிரசாத் வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம், ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்களை அரை நூற்றாண்டுக்குப் பிறகு கல்யாணச் சாட்சி கொண்டுவரச் சொன்னால் வெகு சிலரே தேற முடியும் என்று கூறி, அவர்கள் மணமானவர்கள் என்றே கொள்ள வேண்டும் என்றது. இல்லை என்று மறுப்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். ஓய்வூதியம் அரசின் கருணையைப் பொறுத்த கொடை அல்ல, உரிமை என்று 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. அந்த நாளைத்தான் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

இப்போது அம்மாவின் நிலையைச் சொல்கிறேன். மருத்துவ அட்டை கணவரின் பெயரில் இருந்து அவருடைய பெயருக்கு மாறவில்லை. அதற்கும் ஓய்வூதிய ஆணை வேண்டும் என்கிறார்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து வெளியில் வாங்குகிறோம். நானும் தம்பியும் பார்த்துக்கொள்கிறோம், பட்டினி இல்லை. ஆனால் பத்தொன்பது வயதிலிருந்து தன் கையில் வந்த பணத்தில் குடும்பம் நடத்தியவர், இன்று மருந்துச் சீட்டை நீட்டும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. 2016 முதல் குறைந்தபட்ச குடும்ப ஓய்வூதியம் மாதம் 9,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும். அந்தக் குறைந்தபட்சத் தொகையே வந்தாலும் அவர் தன் மருந்தைத் தானே வாங்கிக்கொள்வார்.

அடையாளச் சரிபார்ப்புக்கு இ-சேவை மையத்துக்கு அழைத்துப்போனேன். கைரேகையை இயந்திரம் ஏற்கவில்லை. ஐம்பது ஆண்டுக்கு மேல் கொழுந்து கிள்ளிய விரல்கள். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ரேகை இருந்த இடம் வழவழப்பாகத் தேய்ந்து, வெடிப்புகளில் தேயிலைக் கறை கறுப்புக் கோடாக இறங்கியிருக்கிறது. அங்கிருந்த பையன் ஈரத்துணியால் துடைத்து, எண்ணெய் தடவி, ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தான். பாவம், அவனால் முடிந்ததைச் செய்தான். தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் பலருக்கும் இதே கதைதான். முகத்தைக் கொண்டு சரிபார்க்கும் வசதி உயிர்வாழ்ச் சான்றுக்கு 2021-லேயே வந்துவிட்டது. இந்தக் கோரிக்கைக்கு அதை ஏன் ஏற்கக்கூடாது?

என் தாய் ஒருவருக்கு மட்டும் நேர்ந்தது என்றால் இதைத் தனிக் கடிதமாகவே அனுப்பியிருப்பேன். குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர் என்று இந்த மலையில் எங்கே போனாலும் பட்டாளத்துக்குப் பிள்ளை கொடுத்த வீடுகள் உண்டு. இனிஷியல் மாறிய மனைவி, ழகரம் லகரமான மனைவி, ஊகித்து எழுதிய பிறந்த தேதியோடு இருக்கும் மனைவி இல்லாத ஊர் இல்லை. கணவர்கள் உயிரோடு இருப்பதால் அது இன்னும் வெளியே தெரியவில்லை. டிசம்பர் 7 கொடி நாளில் என் வகுப்புப் பிள்ளைகளிடம் நானே உண்டியல் கொடுத்து வசூலித்திருக்கிறேன். யாருக்காக என்று பிள்ளைகள் கேட்டால், படைவீரர்களின் குடும்பங்களுக்காக என்று சொல்லியிருக்கிறேன். வருகிற டிசம்பரிலும் கேட்பார்கள்.

என் கோரிக்கைகளை வெளிப்படையாக வைக்கிறேன். முடித்துவைத்த கோப்பை உடனே திறந்து, நீங்களே வைத்திருக்கும் பணிப் பதிவேட்டில் உள்ள மனைவியின் பெயர்ப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, குடும்ப ஒதுக்கீட்டுக் கணக்கு, ஓய்வின்போது எடுத்த புகைப்படம் ஆகியவற்றோடு எங்கள் ஆவணங்களை ஒப்பிடுங்கள். ஒப்பிட்டு முடிக்கும்வரை தற்காலிகக் குடும்ப ஓய்வூதியத்தை வழங்குங்கள். இறுதி ஆணை வந்ததும் 2024 ஆகஸ்டிலிருந்து நிலுவையைக் கணக்கிட்டுத் தாருங்கள். மருத்துவ அட்டை தடையில்லாமல் அம்மாவின் பெயருக்கு மாற, இந்த வாரமே ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். 2009-க்கு முந்தைய திருமணங்களுக்குப் பதிவுச் சான்று கேட்பதை எல்லோருக்கும் நிறுத்துங்கள். தந்தை இனிஷியலும் கணவர் இனிஷியலும் மாறியிருப்பதைப் பெயர் வேறுபாடாகக் கணக்கில் எடுக்கக்கூடாது என்றும், ஒலிபெயர்ப்பில் ஓர் எழுத்து மாறினால் வட்டாட்சியர் சான்றே போதும் என்றும் தெளிவான உத்தரவு போடுங்கள். ரேகை தேய்ந்தவர்களுக்கு முகச் சரிபார்ப்பை ஏற்றுக்கொள்ளுங்கள்.

உயிரோடு இருக்கும் ஓய்வூதியர்கள் அனைவருக்கும், உங்கள் ஏட்டில் அவர்களுடைய மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் எப்படி இருக்கின்றன என்பதைத் தமிழில் அச்சிட்டு அனுப்புங்கள். திருத்த வேண்டியிருந்தால், கணவரும் மனைவியும் சேர்ந்து வந்து திருத்திக்கொள்ள நீலகிரியின் ஒவ்வொரு வட்டத்திலும் முகாம் நடத்துங்கள். நவம்பர் மழையில் சாலை அடைபடும் மாதத்தை விட்டு, வெயில் காலத்தில் நடத்துங்கள். எழுபது எண்பது வயதுக்காரர்கள் வர வேண்டும்.

இந்த மடலுக்கான பதிலை எனக்கு எழுத வேண்டாம். மனுதாரர் என்று குறிக்காமல், அப்பாவின் பெயரைப் போட்டு அவருடைய மனைவி என்று எழுதி, அம்மாவின் முகவரிக்கு அனுப்புங்கள். தமிழில் எழுதுங்கள்; அவர் தாமே படித்துக்கொள்வார். மறுப்பதாக இருந்தால், எந்த ஆவணம் எந்த விதிப்படி போதவில்லை என்பதையும், மறுக்கும் அதிகாரியின் பதவியையும், மேல்முறையீடு யாரிடம் செய்வது என்பதையும் அதிலேயே குறிப்பிடுங்கள். முப்பது நாட்களுக்குள் பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர் ஒருவரின் மகள்,
குன்னூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.